தலைவரின் சொந்தக் குரல்

தூசிப்புயலுக்கு அஞ்சி ஊர் முழுக்கக் கூரை போட்டுக்கொண்ட கூரைநகரத்தில் விடிந்ததும் பழைய குடிகள் எல்லோரும் காதில் செவிமணியை மாட்டிக்கொள்வார்கள். பாக்கியமும் மாட்டிக்கொண்டு, இட்லிக் குண்டானை அடுப்பில் ஏற்றுவாள்.

“பாக்கியம், எழுந்துட்டியா? சளி எப்படி இருக்கு?”

அவள் புருஷன் அருணகிரியின் குரல். அந்த ஊர்க்கூரை போடுகிற வேலையில் தவறி விழுந்து அவன் செத்துப்போய் வருஷங்கள் ஆகிவிட்டன.

பேசுவது தலைவர் மருதவாணன் என்று அவளுக்குத் தெரியும். ஊருக்கே தெரியும். குரல்வார்ப்பு என்று ஓர் இயந்திரம். ஒவ்வொருவரும் பறிகொடுத்த ஆளின் பழைய போன் பேச்சை எடுத்து, தலைவர் சொல்வதை அந்தக் குரலிலேயே வார்த்து, அவரவர் பேரையும் நலவிசாரிப்பையும் சேர்த்து அனுப்பும். பதில் பேசினால் கேட்டுக்கொள்ளும். தூசிப்புயலில் வீட்டுக்கு ஒரு சாவு விழுந்திருந்த காலம் அது. தண்ணீர்ப் பம்பு ஆபீசில் இருந்த மருதவாணன் அந்த இயந்திரத்தைக் கொண்டுவந்ததும் ஜனங்கள் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். அடுத்த தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளில்லை. அதற்கடுத்த தேர்தல் நடக்கவே இல்லை. செத்துப்போன மகனே வந்து, “தேர்தல் எதுக்குப்பா?” என்று கேட்டால் எந்த அப்பன் வாதாடுவான்?

முதலில் குரல் நல்லதைத்தான் சொன்னது. தண்ணீரைச் சிந்தாதே, பதுக்காதே. முகமூடி போடாமல் வெளியே போகாதே. பிறகு, கூரை கட்டியபின் வந்து சேர்ந்தவர்களைப் பற்றி ஆரம்பித்தது. வந்தேறிகள், நம் காற்றைத் தின்கிறவர்கள் என்றது. அவர்களுக்குச் செவிமணி கொடுக்கவில்லை. பக்கத்து வீட்டு ரஞ்சிதமும் அவள் புருஷன் செல்லையாவும் அப்படி வந்தவர்கள்.

ஒருநாள், “பக்கத்து வீட்டுல என்ன சமாசாரம்?” என்றது குரல்.

அருணகிரி உயிரோடு இருந்தபோது தினமும் கேட்பது அதைத்தான். பாக்கியம் சட்னிக்கு அரைத்துக்கொண்டே சொன்னாள். “ரஞ்சிதக்கா கட்டிலுக்கடியில ரெண்டு கேன் தண்ணி ஒளிச்சு வெச்சிருக்குங்க. எங்கிட்டகூட மூச்சு விடல, கள்ளி!” சொல்லிவிட்டுச் சிரித்தாள். கோள் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. புருஷனிடம்தானே பேசினாள்.

மறுநாள் காவல் வண்டி வந்து ரஞ்சிதத்தையும் செல்லையாவையும் நகரத்துச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் விட்டது. செல்லையா அங்கே புழுதி அடைத்துச் செத்தார் என்று பின்னால் தெரியவந்தது.

மருதவாணனை யாரும் படை திரட்டி வீழ்த்தவில்லை. ஒரு காலையில் இயந்திரம் பழுதானது. அவருடைய சொந்தக் குரலே எல்லார் காதிலும் விழுந்தது. கீச்சுக்குரல், நடுநடுவே இருமல். “கிழக்குத் தெருவையும் காலி பண்ணிடுங்க.”

“யாருய்யா இந்த ஆளு?” என்று தெருவில் ஒருவன் கத்தினான். பொழுது சாய்வதற்குள் தலைவர் மாளிகையின் கதவு உடைந்தது. காவல்காரர்கள் காதிலும் அதே கீச்சுக்குரல்தான் விழுந்திருந்தது. ஒருவரும் குறுக்கே நிற்கவில்லை.

புதிய சபை குரல்வார்ப்பை நிறுத்தியது. அசல் போன் பேச்சுகளை அந்தந்த வீட்டாருக்கே திருப்பித் தந்தார்கள். பாக்கியத்துக்கு வேறு ஆசையே இல்லை. இனியாவது கலப்படமில்லாத அருணகிரியைக் கேட்கலாம் என்று வரிசையில் போய் நின்றாள்.

சுவருக்கு வெளியே விடப்பட்டவர்களில் உயிரோடிருந்தவர்களைச் சபை திரும்ப அழைத்திருந்தது. கவுண்டரில் ரஞ்சிதம் உட்கார்ந்திருந்தாள். செவிமணி மாட்டாத காதுள்ளவர்களைத்தான் அந்த வேலைக்குப் போட்டிருந்தார்கள்.

“பேரு?”

“என் பேரு தெரியாதாக்கா?”

“எனக்குத் தெரிஞ்ச பாக்கியம் வேற.” ரஞ்சிதம் நிமிரவில்லை. அருணகிரியின் பேச்சு ஏற்றிய செவிமணியை எடுத்து நீட்டினாள். “இங்கயே கேட்டுப் பார்த்துட்டு வாங்கிக்க.”

பாக்கியம் அவசரமாக மாட்டினாள்.

“பாக்கியம்...”

அவ்வளவுதான். அவள் கை மணியைப் பிடுங்கி எடுத்துவிட்டது. அடுத்து யாரைப் பற்றிக் கேட்குமோ, என்ன செய்யச் சொல்லுமோ?

“கேளு. உன் புருஷன்தானே?”

“முடியலக்கா. அந்த ஆளு பேசற மாதிரியே இருக்கு. பயமா இருக்கு.”

“காலையிலேர்ந்து வர்ற அத்தனை பேரும் இதைத்தான் சொல்றீங்க.” ரஞ்சிதம் மணியை வாங்கித் தன் காதில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கேட்டாள். “வேலை முடிய நேரமாகுமாம். காத்திருக்காம சாப்பிட்டுட்டுப் படுக்கச் சொல்றாரு.”

“இன்னொரு தடவை சொல்லுக்கா.”

ரஞ்சிதம் மணியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

“செல்லையாவைப் பத்தி நீ ஒரு வார்த்தை கேக்கல” என்றாள். “நகரு, பின்னாடி ஆளு நிக்குது.”