யன்னல் மரத்துக் கிற்றார்

குருநகரில் எமில்ராஜ் என்று கேட்டால், "ஆர், வள்ளம் திருத்துற எமிலோ?" என்பார்கள். எப்பேர்ப்பட்ட ஓட்டை வள்ளத்தையும் அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக நித்திரை கொள்ளலாம். அப்படிப்பட்டவர் ஒருநாள் கிற்றார் செய்யப் போகிறேன் என்று கிளம்பினார். தெருவே விழுந்து விழுந்து சிரித்தது.

அவருடைய மகள் லவீனா மட்டும் சிரிக்கவில்லை. அப்பா ஏன் கிற்றார் செய்கிறார் என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா பிறந்த ஊர் மயிலிட்டி. அவர் லவீனாவின் வயதில் இருந்தபோது சண்டை வந்தது. ஊரே உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டது. தாத்தா வாசிக்கும் கிற்றார் சுவரிலேயே தொங்கியது. 'நாளைக்கு வந்து எடுக்கலாம்' என்று விட்டுவிட்டுப் போனார்கள். அந்த நாளை வருவதற்குள் தாத்தா இறந்துவிட்டார். அப்பாவுக்கும் தலை நரைத்துவிட்டது.

பல வருடம் கழித்து இராணுவம் ஊருக்குள் விட்டதும் திரும்பிப் போய்ப் பார்த்தபோது வீட்டுக்குக் கூரை இல்லை, கதவு இல்லை. கிற்றாரும் இல்லை. பாதிச் சுவரும் அதில் ஒரு யன்னல் நிலையும்தான் மிச்சம். அந்த நிலையையும் கறையான் முக்கால்வாசி தின்றிருந்தது. நல்லாக இருந்த துண்டை மட்டும் அப்பா கழற்றிக்கொண்டு வந்தார்.

"உந்த யன்னலிலை இருந்துதான் என்ரை அப்பா எனக்குப் பாட்டுச் சொல்லித் தந்தவர்" என்று லவீனாவிடம் சொன்னார். "உதைக் கிற்றாரிலை வைச்சு, மயிலிட்டிக் கோயில் திருநாளுக்கு அவரின்ரை பாட்டை வாசிக்கப்போறன்."

கிற்றாரின் உடம்பை மஞ்சள் நிறப் பலாமரத்தில் செய்தார். அதன் ஓரத்தைச் சுற்றி ஒட்டுவதற்கு மெல்லிய பட்டி ஒன்று வேண்டும். அதற்குத்தான் யன்னல் மரம். அது செம்மண் நிறப் பாலைமரம்.

யன்னல் மரத்தை அரிந்த அன்று அப்பா கீழே குனிந்து மரத்தூளைக் கையில் அள்ளி மூக்கருகே பிடித்து மணந்து பார்த்தார்.

"என்னப்பா?"

"எங்கடை வீடு மணக்குது, பிள்ளை."

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இதைக் கூட்டி அள்ளிக் கொட்டிவிடு" என்றார்.

லவீனா கூட்டினாள், அள்ளினாள். ஆனால் கொட்டவில்லை. ஒரு வீட்டை எப்படிக் குப்பையில் கொட்டுவது? ஒரு ஜாம் போத்தலில் போட்டு மூடி, சட்டைகளுக்குக் கீழே ஒளித்து வைத்தாள். நத்தாருக்கு, கிறிஸ்து பிறந்த நாளன்று, அப்பாவுக்குப் பரிசாகக் கொடுக்க வேண்டும் என்பது அவள் திட்டம். நடுவில் அம்மா யசிந்தா அதைக் கண்டெடுத்து, கறித்தூள் என்று நினைத்து மீன்குழம்புக்குள் போடப் போனார். லவீனா போட்ட கூச்சலில் பூனை மதிலேறி ஓடியது.

திருநாளுக்கு முந்தின வாரம் பட்டியை ஒட்டி முடித்தாயிற்று. பக்கத்து வீட்டுச் சந்தியோகு மாமா பார்க்க வந்தார். கடலில் கிழடு தட்டிய மனிதர். கண் மட்டும் இன்னும் கூர்மை.

"வடிவாய்த்தான் கிடக்கு, எமில்" என்றவர், கிற்றாரின் இடுப்பு வளைவில் விரலை வைத்தார். "உதென்ன இடைவெளி?"

லவீனாவும் எட்டிப் பார்த்தாள். வளைவில் பட்டிக்கும் பலாமரத்துக்கும் நடுவே நீளமாக ஒரு வெடிப்பு. விரல் நகம் உள்ளே போனது.

"அது ஒண்டுமில்லை அண்ணை. தண்ணியிலை இறக்கினால் பலகை பொருமித் தானாய் மூடி..." அப்பா பாதியில் நிறுத்தினார்.

"ஏன் நிப்பாட்டிப்போட்டாய்? சொல்லு. எப்ப கடலிலை இறக்கிறாய்?" என்று சந்தியோகு மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

இத்தனை வருடம் வள்ளம் திருத்திய கை. ஊறினால் மூடும் என்று நினைத்தே ஒட்டிவிட்டது! அப்பாவின் காது சிவந்துபோனது.

உடனே திருத்த இறங்கினார். முதலில் சைக்கிள் ரியூப்பைக் கீற்றாக வெட்டி, கிற்றாரைச் சுற்றி இறுக்கிக் கட்டிப் பார்த்தார். அவிழ்த்ததும் பட்டி பழையபடி விலகி நின்றது. வயதான பாலைமரம். வளைய மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

"இடைவெளிக்குள்ளை பஞ்சை வைச்சு அடி. வள்ளத்து ஓட்டைக்கு அடிக்கிற மாதிரித்தான்" என்றார் சந்தியோகு மாமா.

அப்பாவும் அடித்தார். வெள்ளை வெளேரென்று ஒரு கோடு தெரிந்தது.

"பல்லு நோவுக்குப் பஞ்சு வைச்ச ஆள் மாதிரிக் கிடக்கு" என்றார் அம்மா. பஞ்சைப் பிடுங்கி எடுத்தார்கள்.

பிறகு தரையில் கிடந்த பலாமரத் தூளைப் பசையில் குழைத்து அப்பினார். இடைவெளி நிரம்பியது. ஆனால் சிவப்புப் பட்டியின் பக்கத்தில் மஞ்சள் புழு ஒன்று ஊர்வதுபோல் இருந்தது. அதையும் சுரண்ட வேண்டியதாயிற்று.

"அதே மரத்தின்ரை தூள் எண்டால் தெரியாது" என்று அப்பா பெருமூச்சு விட்டார். "யன்னல் மரத்திலை ஒரு சிராய்கூட மிச்சமில்லையே."

"இந்தப் பட்டியிலையே கொஞ்சம் தேய்ச்சு எடுக்கேலாதோ?" என்று லவீனா கேட்டாள்.

"ஏலாது பிள்ளை. ஏற்கெனவே கடுதாசி மாதிரிக் கிடக்கு." அப்பா உளியைக் கையில் எடுத்தார். "வேறை வழியில்லை. இதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, கடையிலை பிளாஸ்ரிக் பட்டி வாங்கி ஒட்டுறன்."

"கழட்டினால் முறியாதோ?"

"முறியும்தான்."

அப்பா அதை மெதுவாகத்தான் சொன்னார். ஆனால் அவருடைய முகத்தைப் பார்க்க லவீனாவுக்கு அழுகை வந்தது. அறைக்குள் ஓடினாள். சட்டைகளை இழுத்துப் போட்டுப் போத்தலை எடுத்தாள்.

மூடியைத் திறந்து மணந்து பார்த்தாள். அவள் பார்க்காத வீடு, பேசாத தாத்தா, எல்லாம் அதற்குள் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் மணந்து பார்ப்பாள். பசையில் குழைத்துவிட்டால் இந்த மணம் போய்விடுமே? நத்தார்ப் பரிசும் போய்விடுமே?

வெளியில் உளியைத் தீட்டும் சத்தம் கேட்டது.

லவீனா ஒரே ஓட்டமாக ஓடி வந்தாள். "அப்பா, நில்லுங்கோ! கழட்டாதேங்கோ!"

போத்தலை நீட்டினாள். அப்பா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

"கறித்தூளோ?"

"கறித்தூள் இல்லையப்பா. எங்கடை வீடு."

அப்பா மூடியைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனார். உளி கையிலிருந்து நழுவியது. மகளைக் கட்டிப்பிடித்து அவளுடைய தலைமுடி முழுவதும் மரத்தூளாக்கினார்.

"நீ கொட்டேல்லையோ?"

"உங்களுக்கு நத்தாருக்குத் தரத்தான் வைச்சிருந்தனான்."

"எனக்கு இண்டைக்குத்தான் நத்தார்" என்றார் அப்பா.

லவீனா துணியில் தூளை அரித்தாள். பவுடர்போல நைசாக வந்தது. அப்பா பசை விட்டார், லவீனா குழைத்தாள். முதலில் ஒரு கழிவு மரத்துண்டில் பூசிக் காயவைத்துப் பார்த்தார்கள். நிறம் பட்டியோடு அச்சொட்டாகப் பொருந்தியது. பிறகு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடைவெளிக்குள் அப்பினார்கள். நன்றாகக் காய்ந்ததும் அரத்தாளால் தேய்த்து மெருகு பூசினார்கள்.

சந்தியோகு மாமா வந்து, கிற்றாரைப் புரட்டிப் புரட்டித் தேடினார்.

"எங்கையடா அந்த இடைவெளி?"

"கடலிலை இறக்கினனாங்கள் மாமா. மூடிப்போட்டுது" என்றாள் லவீனா. இந்த முறை அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

திருநாளன்று எல்லாரும் மயிலிட்டிக்குப் போனார்கள். கோயிலுக்குப் போகும் முன், அப்பா அவர்களைப் பழைய வீட்டுக்குக் கூட்டிப்போனார். பாதிச் சுவர் வெயிலில் நின்றது. யன்னலைக் கழற்றிய இடம் வெறும் ஓட்டையாக இருந்தது. அதற்குள்ளால் கடல் தெரிந்தது.

அப்பா அந்த ஓட்டையில் ஏறி உட்கார்ந்து கிற்றாரை மடியில் வைத்தார். ஆனால் வாசிக்காமல் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லவீனா பக்கத்தில் போய், கிற்றாரின் இடுப்பு வளைவை விரலால் தடவினாள். இடைவெளி இருந்த இடம் அவளுக்கு மட்டும் சரியாகத் தெரியும்.

"அப்பா, யன்னல் வீட்டுக்கு வந்திட்டுது" என்றாள். "இனி வாசியுங்கோவன்."

அப்பா சிரித்தார். கம்பியில் விரலை வைத்தார். தாத்தாவின் பாட்டு, அது பிறந்த யன்னலிலிருந்தே கடலை நோக்கிப் போனது.

லவீனா குனிந்து கிற்றாரை மணந்து பார்த்தாள். மணம் போகவே இல்லை.