ஐஸ் டீயில் டீ இல்லை!

டிரிங்... டிரிங்...!

இன்ஸ்பெக்டர் டீ டம்ளரை உதட்டுக்குக் கொண்டுபோன நேரம் பார்த்து போன் அலறியது.

"கைக்கு எட்டினது வாய்க்கு எட்டாதுன்னு சும்மாவா சொன்னாங்க!" முனகிக்கொண்டே எடுத்தார். "ஹலோ... ஸ்டேஷன்."

"சார்... என் வீட்டுக்காரரைக் கொன்னுட்டேன். வந்து எடுத்துக்கிட்டுப் போறீங்களா?"

பெண் குரல்.

அழுகை இல்லை. நடுக்கம் இல்லை. கேஸ் தீர்ந்துபோச்சு, சிலிண்டர் வேணும் என்று சொல்கிற மாதிரி இருந்தது.

"யாரைம்மா எடுத்துக்கிட்டுப் போகணும்? உன்னையா... அவரையா?"

"ரெண்டு பேரையும்தான் சார்."

டம்ளரில் டீ அப்படியே ஆறிப்போனது.

அவள் சொன்ன விலாசத்தில் மாடிப்படி குறுகல். ஒருத்தர் இறங்கினால் இன்னொருத்தர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்து வீடுகளின் கதவுகள் எல்லாம் ஒரு விரல் அளவுக்குத் திறந்திருந்தன. ஒவ்வொரு இடுக்கிலும் ஒரு கண்!

உள்ளே...

சாப்பாட்டு மேஜை மேல் தலையைச் சாய்த்து ஓர் ஆள். தூங்குகிறார் என்றுதான் சொல்லத் தோன்றும். வாயோரம் நுரை இல்லாவிட்டால்!

செத்தவர் ஊரறிந்த பார்காரர். பெரிய ஓட்டல் ஒன்றில் கிளாஸைச் சுழற்றிச் சுழற்றி ஊற்றியவர். கஸ்டமர் ஒருவரை அறைந்த நாளோடு அந்த வேலை போனது. அதன்பிறகு வீட்டிலேயே பார். வீட்டிலேயே கஸ்டமர். அறை வாங்க வீட்டிலேயே ஆள்!

அந்த ஆள், அவர் மனைவி, சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவள். வலது கையில் முழங்கை வரைக்கும் மாவுக்கட்டு.

"கையில என்ன?"

"போன ஞாயித்துக்கிழமை முறுக்கிட்டாரு சார்."

"எதுக்கு?"

"நிறம் தப்பிடுச்சுன்னு."

"எந்த நிறம்?"

"ஐஸ் டீ நிறம் சார்."

இன்ஸ்பெக்டருக்குப் புரியவில்லை. அவர் வாழ்நாளில் குடித்ததிலேயே பெரிய போதை, இஞ்சி தட்டிப் போட்ட டீதான்!

ஏட்டு கனைத்தார். அவருக்கு இந்தப் பாடத்தில் டிகிரியே உண்டு.

"ஐயா, அது சரக்குப் பேரு. லாங் ஐலண்ட் ஐஸ் டீ. அஞ்சு சாராயத்தை ஒண்ணாக் கலக்குறது. ஒண்ணொண்ணு ஒவ்வொரு பக்கம் இழுக்கும். குடிச்சவன் நடுவுல கிடப்பான்."

"அனுபவமா?"

"கேள்விப்பட்டதுங்கய்யா..."

இன்ஸ்பெக்டர் அவளிடம் திரும்பினார். "எப்படிக் கலந்தே? சொல்லு."

அவள் மூச்சு விடாமல் சொன்னாள். வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி.

"வோட்கா ஒரு மூடி. ஜின் ஒரு மூடி. வெள்ளை ரம் ஒரு மூடி. டெக்கீலா ஒரு மூடி. ஆரஞ்சுச் சரக்கு ஒரு மூடி. எலுமிச்சம்பழம் பிழிஞ்சு, சீனிப்பாகு விட்டு, ஐஸ் போட்டுக் குலுக்கணும். கடைசியில கோலா. டீ நிறம் வந்ததும் நிறுத்திடணும். கொஞ்சம் கூடினாலும் கையை..." நிறுத்தினாள். மாவுக்கட்டைப் பார்த்தாள். "அதுல அவரோட தூக்க மாத்திரையைப் பொடி பண்ணிப் போட்டேன். அவ்வளவுதான் சார்."

"வீட்ல வேற யாரு இருக்கா?"

"பொண்ணு. தையல் கம்பெனியில இருக்கா. காலையிலேயே போயிட்டா!"

பதில் கொஞ்சம் வேகமாக வந்தது.

ஏட்டு குனிந்து கிளாஸை முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். மூக்கு சுருங்கியது.

"ஐயா... இதுல டீ வாசனை வருது!"

"ஐஸ் டீல டீ வாசனை வராம, பெட்ரோல் வாசனையாய்யா வரும்?"

"அதில்லைங்கய்யா! ஐஸ் டீல டீயே கிடையாது! பேருதான் டீ. நிறம் கோலாவால வர்றது." ஏட்டு மேஜையைக் காட்டினார். ஐந்து பாட்டில்களும் திறந்திருந்தன. ஆறாவதாக நின்ற கோலா பாட்டிலைத் தூக்கினார். "இதைப் பாருங்க. சீல் உடையவே இல்லை!"



இன்ஸ்பெக்டர் மெதுவாகத் திரும்பினார்.

"இத்தனை சரியாக் கலக்கத் தெரிஞ்சவ... டீயை ஊத்தியிருக்க மாட்டியேம்மா. கலந்தது யாரு?"

அவள் முகத்தில் ரத்தம் சுண்டியது. இஸ்திரிப் பெட்டியைப் புடவையிலேயே வைத்து மறந்தவள் முகம் அது.

டீ!

டீ ஊற்றினாளா, பாவி மகள்!

சலவைக்கடையில் ஒற்றைக் கையால் துணி மடித்துவிட்டு மதியம் அவள் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. அவர் மேஜை மேல். மகள் தரையில், காலி மாத்திரை அட்டையோடு, முழங்காலைக் கட்டிக்கொண்டு.

"உன் கை ஆறுற வரைக்கும் நான்தான் கலக்கணும்னு சொன்னாரும்மா..." என்றாள் மகள். "அப்புறம் என் கையை முறுக்குவாரு. எப்பவாவது ஆறுமா இதெல்லாம்?"

அம்மா மகளை எழுப்பி, முகத்தைக் கழுவிவிட்டாள்.

"நீ காலையிலேயே வேலைக்குப் போயிட்ட. நீ ஒண்ணும் பார்க்கல. நெஞ்சு வலின்னு நான் சொல்லிக்கிறேன். ஓடு!" மகளை அனுப்பச் சொன்ன பொய் அது; அவள் தெருவைத் தாண்டியதும் ஸ்டேஷனுக்கு போன் போட்டாள்.

வருஷக்கணக்கில் மகளைச் சமையலறைப் பக்கமே விட்டதில்லை, அவர் குடிக்கிற நேரத்தில். அடி ஒருத்தியோடு போகட்டும் என்று. அதனால் மகளுக்கு அந்தச் சரக்கின் பேர் மட்டும்தான் தெரியும்.

பேர் மட்டும்!

"கேட்டதுக்குப் பதில் சொல்லும்மா. கலந்தது யாரு?" இன்ஸ்பெக்டர் குரல் இறங்கியிருந்தது. அது கோபத்தை விட மோசம்.

அவள் கண் அங்கும் இங்கும் ஓடியது. பாட்டில்கள். கிளாஸ். சீல் உடையாத கோலா. தன் மாவுக்கட்டு...

மாவுக்கட்டு!

"நான்தான் சார்!" நிமிர்ந்தாள். "அந்த கோலா பாட்டிலை ஒரு கையால திறந்து பாருங்க!"

"என்னது?"

"திறந்து பாருங்க சார். மத்ததெல்லாம் ஏற்கெனவே திறந்த பாட்டிலு. இது புதுசு. சீலை உடைக்கணும்னா ஒரு கை பிடிக்கணும், ஒரு கை திருகணும். எனக்கு ஏது இன்னொரு கை? அதான் டீயை ஊத்தி நிறத்தைக் கொண்டு வந்தேன்."

ஏட்டு கோலா பாட்டிலைத் தொடையில் இடுக்கினார். ஒற்றைக் கையால் திருகினார். பாட்டில்தான் சுற்றியது. மூடி அசையவில்லை.

"அவரு குடிச்சுப் பழகின ஆளு. டீன்னு கண்டுபிடிச்சிருக்க மாட்டாரா?" இன்ஸ்பெக்டர் விடவில்லை.

"காலையில இருந்து பாட்டில்லயே வாய் வச்சிருந்தாரு. மதியத்துக்குள்ள நாக்கு செத்துப் போச்சு சார். அவருதான் லேட்டு."

ஏட்டுக்குச் சிரிப்பு வந்தது. மேஜையைப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் அவள் மாவுக்கட்டைப் பார்த்தார். பிறகு தலையாட்டினார்.

"எழுதுங்க ஏட்டு."

ஏட்டு எழுதினார். பேனா ஓடிய சத்தத்தில் அவள் நெஞ்சு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூட்டையை இறக்கிவைத்த கூலிக்காரன் முதுகு மாதிரி. இனி எத்தனை வருஷம் என்றாலும் போகட்டும். மகள் தைப்பாள். மகள் வெளியில் இருப்பாள்.

"படிக்கிறேன், கேட்டுக்கம்மா." ஏட்டு தொண்டையைச் செருமினார். "ஐஸ் டீ என்னும் மதுவில் தேயிலை சேர்க்கும் வழக்கம் இல்லை என்பது எனக்குத் தெரியும். கை முறிந்திருந்ததால் கோலா பாட்டிலைத் திறக்க முடியாமல், அதற்குப் பதிலாக நானே தேயிலைச் சாயம் ஊற்றினேன்... சரியா?"

"சரி சார். எங்க கையெழுத்துப் போடணும்?"

"எந்தக் கையால போடுவே? ரேகை வை."

இடது கைக் கட்டைவிரலில் மை தடவினார்கள். விரல் பேப்பருக்கு மேலே வந்தது.

அப்போது...

"அம்மா!"

வாசலில் மகள்!

பக்கத்து வீட்டு இடுக்குக் கண்களில் ஏதோ ஒன்று போன் பண்ணியிருக்கிறது. ஓடி வந்த மூச்சு. கழுத்தில் இன்னும் அளவு டேப் தொங்கியது. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியவில்லை.

"உன்னை யாருடி வரச் சொன்னா? வேலைக்குப் போ!" அம்மா கத்தினாள். "சார், அவளுக்கு ஒண்ணும் தெரியாது சார்!"

உண்மைதான். அவளுக்கு ஒன்றும் தெரியாது. அதுதான் வினை!

மகள் அம்மாவைப் பார்க்கவில்லை. ஏட்டு கையில் இருந்த பேப்பரையே பார்த்தாள். அவள் கேட்க நினைக்கவில்லை. வாய் தானாகக் கேட்டுவிட்டது.

"ஏம்மா... ஐஸ் டீல டீ போட மாட்டாங்களா? நான் நல்லாச் சாயம் இறங்கட்டும்னு ரெண்டு ஸ்பூன் தூள்..."

நின்றது.

இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். முறியாத, நல்ல கைகள்.



பொத்! அம்மா கட்டைவிரலைப் பேப்பரில் ஓங்கி அழுத்தினாள். "வச்சிட்டேன் சார்! ரேகை வச்சிட்டேன்! நான்தான் சார்! பாருங்க... வச்சிட்டேன்!" மறுபடி அழுத்தினாள். மறுபடியும். பேப்பர் முழுக்க கட்டைவிரல்.

இன்ஸ்பெக்டர் அந்தப் பேப்பரை மெல்ல உருவினார். இரண்டாகக் கிழித்தார். கிழிக்கும்போது யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"லேடி கான்ஸ்டபிளை வரச் சொல்லுங்க."

மகள் தரையில் உட்கார்ந்து அம்மாவின் விரலில் இருந்த மையைத் தன் துப்பட்டாவால் துடைத்தாள். அது போகவில்லை. இன்னும் பரவியது.

ஏட்டால் அதைப் பார்க்க முடியவில்லை. எதையாவது பேச வேண்டும் போல இருந்தது.

"ஐயா... நீங்க ஸ்டேஷன்லயும் குடிக்கல. கீழ சொல்லி, ஒரு டீ போட்டுக் குடுக்கச் சொல்லட்டுங்களா?"

இன்ஸ்பெக்டர் அந்தக் கிளாஸைப் பார்த்தார்.

"வேண்டாம்யா... அதான், டீயே போட்டுக் குடுத்துருச்சே!"