சஹனின் மூன்றாம் பக்கம்

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்துக்கு அடுத்த வருடம். கலியாணம் முடிந்த மறுநாள் பகல், புதுத் தம்பதிக்கு நெய்ச்சோறும் கோழிக்கறியும் எடுத்துக்கொண்டு மருதமுனை வீட்டுக்குப் போனேன். என் உடன்பிறந்த ராத்தாவின் மூத்த மகள் உம்முவுக்குச் சீதனமாகக் கொடுத்த வீடு அது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுடையது, ஆண்தான் வந்து குடியேறுவான். உம்மு அந்த வீட்டிலேயே நோய் வருத்தத்தில் கிடந்து மவுத்தாகி, அடக்கி மூன்று மாதம். அதற்குள் அவள் புருஷன் மசூருக்கே தங்கை றம்ஸியாவைக் கட்டிவைத்துவிட்டார்கள்.

மசூரைக் கண்டாலே எனக்குக் குமட்டும். உம்முவின் வாயெல்லாம் புண்ணாகிச் சீழ் வைத்திருந்த காலத்தில், எல்லாரும் சுற்றியிருந்து தின்னும் பெரிய தட்டான சஹனில் அவளோடு கைவைக்க மாட்டேன் என்று, தேங்காய்ச் சிரட்டையில் சோறு போட்டு மாட்டுக்கொட்டில் பக்கம் வைத்தவன் அவன். பாவி மகள், நாற்றம் தெரியாமல் இருக்கக் கராம்புத் தண்ணீரால் வாய் கொப்பளித்துக்கொண்டே இருப்பாள். அக்கரைப்பற்றில் தாயோடு இருந்த றம்ஸியாவிடமோ, உம்முவுக்கு ஊட்டிவிடுவதே தான்தான் என்று கதை அளந்திருந்தான். நான் உண்மையைச் சொல்லிப் பார்த்தேன். கலியாணத்தைக் குழப்ப வந்தவள் என்று என் வாயை அடைத்தார்கள்.

பாய் விரித்து, நடுவே சஹனை வைத்துச் சோற்றைப் பரப்பினேன். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். திறந்த வாசலால் கடல்காற்று வந்தது. அதோடு ஒரு மணமும் வந்தது.

கராம்பு.

அதற்கடியில், சீழ்.

மசூர் ஒரு கவளம் உருட்டிப் புதுப்பெண்ணுக்கு ஊட்டக் கையை நீட்டினான். அவள் வாயைத் திறக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் உட்காராத பக்கத்தில் சோறு அள்ளப்பட்டிருந்தது. நான்கு விரல் பதிந்த தடம் தெளிவாகத் தெரிந்தது.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு பிடி போனது.

பிறகு அது திரும்பி வந்தது.

மென்ற சோறு, மஞ்சளாய், நூல் நூலாய் எச்சில் இழுத்துக்கொண்டு, மசூரின் பக்கத்தில் பொத்தென்று விழுந்தது. அவன் கையிலிருந்த கவளத்திலும் அதே மஞ்சள் கசிந்தது. அவன் ஓங்கரித்தான்.

றம்ஸியா மெதுவாகக் கேட்டாள்.

"மச்சான், ராத்தாக்கு எதுல சோறு வெச்ச நீங்க?"

அவன் வாயைத் துடைத்தான். "சிரட்டையில... வருத்தம் தொத்தும் எண்டுதான்."

"இது ராத்தாட ஊடு. உங்கட பெட்டிய எடுத்துக்கு வெளிக்கிடுங்க."

அவன் என்னைப் பார்த்தான். நான் எழுந்து பெட்டியை எடுத்து வாசலில் வைத்தேன். அவன் போன பிறகு, றம்ஸியா அந்த எச்சில் சோற்றை ஒதுக்கி, நல்ல இறைச்சித் துண்டாய்ப் பார்த்து மூன்றாம் பக்கத்தில் வைத்தாள்.

"தின்னுங்க ராத்தா. நான் இரிக்கன்."

பயத்தோடு பயமாய் நான் அழுதுவிட்டேன்.

மசூர் சாய்ந்தமருதில் தாய் வீட்டுக்குப் போனான். நோன்புக்கு முன் அவன் தாயைச் சந்தையில் கண்டேன். மகனின் வாய் நாறுகிறதாம், யாராலும் பக்கத்தில் இருந்து தின்ன முடியவில்லையாம். அதனால் அவனுக்குச் சிரட்டையில் சோறு போட்டுக் கொல்லையில் வைக்கிறாளாம்.

அவன் கைவைக்கும் முன்பே, அந்தச் சிரட்டையில் ஒரு பக்கம் அள்ளியிருக்கிறதாம்.