சுவரோடு பேசியவர்கள்

சாமான் ஏற்றி வந்த வண்டி தெருமுனையிலேயே நின்றுவிட்டது. அதற்கு மேல் சந்து குறுகல். கட்டில், பீரோ, பாத்திர மூட்டைகள் எல்லாவற்றையும் ஆட்கள் தோளில் சுமந்து மூன்றாவது மாடிக்கு ஏற்றினார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. குடிவந்தவரோ லிஃப்ட் மெக்கானிக். "ஊரையே ஏத்தி இறக்குறவருக்கு வாய்ச்சதைப் பாரு!" என்று ஆட்கள் மூச்சிரைக்கச் சிரித்தார்கள்.

அவர் மனைவி சிரிக்கவில்லை. அவள் அவரோடு பேசியே ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

அவள் பல் செட் செய்யும் கூடத்தில் வேலை பார்த்தவள். மெழுகில் ஒவ்வொரு பல்லாகப் பதித்து, யாரோ முகம் தெரியாதவருக்குச் சிரிப்பைத் திருப்பித் தருகிற வேலை. கல்யாணத்துக்கு முன்பிருந்தே பார்த்து வந்த வேலை. இடமாற்றம் என்று கம்பெனியில் சொன்னதும் அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவர் தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். ஏன் கேட்கவில்லை என்றதற்கு, "கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ" என்றார்.

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள்.

பேச்சு இல்லாவிட்டாலும் குடும்பம் நடக்க வேண்டுமே. இருவரும் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். "கேஸ் தீரப்போகுது" என்று அவள் சுவரிடம் சொல்வாள். "நாளைக்கு வர லேட்டாகும்" என்று அவரும் சுவரிடமே சொல்வார்.

சாவியைக் கொடுத்த தரகர் வீட்டைப் புகழ்ந்தார். "முன்னாடி இருந்த புருஷன் பொண்டாட்டி அவ்வளவு அந்நியோன்யம். கதவைத் திறந்து வெளியே வரவே மாட்டாங்க."

"இப்ப எங்க இருக்காங்க?" என்று அவள் கேட்டாள்.

தரகர் காதில் விழாதவர்போலப் படியிறங்கிப் போய்விட்டார்.

வீடு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவிலிருந்த சுவரில் ஒரு வாடை. ஈரச் சுண்ணாம்பு என்று முதலில் நினைத்தாள். பிறகு நெருங்கிப் பார்த்தபோது, தூங்கி எழுந்தவர் வாயிலிருந்து வருமே, அந்த வாடை என்று தோன்றியது.

ஒரு மாலை படுக்கையறையில் உட்கார்ந்து அவர் சட்டைக்குப் பட்டன் தைத்து முடித்தாள். அவர் கூடத்தில் இருப்பதாக எண்ணி, "சட்டை தயாரா இருக்கு" என்று சுவரிடம் சொன்னாள்.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது.

"உன்னைக் கேட்டிருக்கணும். தப்பு என்னோடதுதான்."

அவர் குரல். அவள் கையில் ஊசி அப்படியே நின்றது. இத்தனை வருட வாழ்க்கையில் தான் செய்தது தப்பு என்று அந்த மனிதர் ஒருநாளும் சொன்னதில்லை. எழுந்துபோய் முகத்தைப் பார்க்க ஆசை. பார்த்தால் சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்வாரோ என்று பயம். பார்க்காமலே இருந்துவிட்டாள்.

மறுநாள் காபியில் சர்க்கரையை அவருக்குப் பிடித்தபடி போட்டாள். அன்று மாலை அவர் ஒரு பை ஆரஞ்சு வாங்கி வந்து மேசையில் வைத்தார். அடுத்த நாள், அவள் தைக்கிற இடத்துக்கு மேல் ஒரு விளக்கு முளைத்திருந்தது. முகம் பார்த்துப் பேசுவது மட்டும் இன்னும் வரவில்லை. அதற்கென்ன, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வரும் வார்த்தைகளே போதுமாக இருந்தன.

"சாப்பிட்டியாம்மா?"

"நீ இல்லாம எனக்கு யாரு இருக்கா?"

பக்கத்துத் தெரு பல் ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு மாலை போய்ப் பார்க்கப் புடவை மாற்றினாள். சுவர் கெஞ்சியது.

"போகாத. நான்தான் இருக்கேன்ல."

அவள் புடவையை மடித்து வைத்துவிட்டாள். என்ன பிரியம் என்று உருகிப்போய்ச் சுவரில் கன்னத்தைச் சாய்த்தாள்.

சுவர் வெதுவெதுப்பாக இருந்தது. ஒரு மனிதனின் முதுகைப்போல.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம். கரண்ட் போய்விட்டது. "பயப்படாத, இங்கதான் இருக்கேன்" என்று சுவர்ப் பக்கமிருந்து அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே சமையலறையிலிருந்து கூடத்துக்கு வந்து மெழுகுவர்த்தியைத் தேடினாள்.

வாசல் கதவு தட்டப்பட்டது.

"கதவைத் திற."

அவர் குரல்.

"திறக்காத" என்றது படுக்கையறை.

அதுவும் அவர் குரல்.

அவள் நடுக்கூடத்தில் நின்றாள்.

"ஏய், காதுல என்ன பஞ்சா வச்சிருக்க? சாவியை மறந்துட்டுப் போயிட்டேன். தொப்பலா நனைஞ்சு நிக்கிறேன்!"

"அது நான் இல்லம்மா" என்றது உள்ளிருந்து, மெதுவாக, அன்பாக. "நான் எப்பவாவது உன்கிட்ட அப்படிப் பேசியிருக்கேனா?"

பேசியிருக்கிறார். கல்யாணமான மறுவாரத்திலிருந்து அப்படித்தான் பேசுகிறார்.

அவள் வாசலை நோக்கி நகர்ந்தாள்.

"திறக்காதம்மா."

குரல் படுக்கையறையை விட்டு வெளியே வந்திருந்தது.

"திறக்காதம்மா."

முதுகுக்குப் பின்னால்.

"திறக்காதம்மா."

காதுமடலில் வெதுவெதுப்பான மூச்சு பட்டது.

தாழ்ப்பாளை இழுத்தாள். மழை நீரும் கிரீஸ் நாற்றமுமாக அவர் நின்றிருந்தார்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"

அவள் பதில் சொல்லவில்லை. அவளுக்குப் பின்னால், இருட்டுக்குள்ளிருந்து அவளுடைய குரலே பதில் சொன்னது.

"வந்துட்டீங்களா? உள்ள வாங்க."

அவர் அவளுடைய மூடிய உதடுகளைப் பார்த்தார். அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியிறங்கினார். இருவர் காலிலும் செருப்பில்லை.

சந்துமுனையில் மூடிக் கிடந்த ஒரு கடையின் கூரைக்கடியில் ஒதுங்கினார்கள்.

"அப்ப... என்னை மன்னிச்சிட்டேன்னு தினமும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து நீ சொன்னது?" என்றார் அவர்.

"நான் சொல்லல."

"இன்னும் மன்னிக்கலயா?"

"இல்ல."

அவர் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முரட்டுத்தனமாக, ஆணியைப் பிடுங்குவதுபோல ஒவ்வொரு சொல்லாக வந்தது. "கேட்டிருக்கலாம்... உன்னை. வேண்டாம்னு சொல்லிடுவியோன்னு... பயம் எனக்கு."

அவள் அழுதாள். அழுதுகொண்டே புடவைத் தலைப்பால் அவர் தலையைத் துவட்டிவிட்டாள்.

அந்த வீட்டுக்குள் அவர்கள் திரும்பவும் காலடி வைக்கவில்லை. ஆட்களை அனுப்பித்தான் சாமான்களை எடுத்தார்கள். ஊரின் மறுகோடியில், பெயின்ட் வாசம்கூடப் போகாத புது வீடு கிடைத்தது. பல் ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலையும் கிடைத்தது. காலையில் சேர்ந்து கிளம்பி மாலையில் சேர்ந்து திரும்பினார்கள். சண்டைக்கு மட்டும் குறைவில்லை. ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டதற்கு ஒன்று, அவர் அக்கா போனில் சொன்னதற்கு ஒன்று. ஆனால் எல்லாமே நேருக்கு நேர், முகத்துக்கு முகம். கத்தி ஓய்ந்த பிறகு யாராவது ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிடும். மன்னித்தேன் என்று அவள் எப்போது சொன்னாள் என்பது அவளுக்கே நினைவில்லை. சொன்னாள்.

மழைக்காலம் போய் வெயில் வந்திருந்த ஒரு மாலை. இருவரும் வீடு திரும்பியபோது பக்கத்து வீட்டம்மா கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"உங்களைப் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு போங்க" என்றாள். "எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தாலே சண்டை. நீங்க ரெண்டு பேரும் பகல் பூரா எவ்வளவு பிரியமா பேசிக்கிறீங்க! இன்னிக்கு மத்தியானம்கூட ஒரே சிரிப்புச் சத்தம்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர் கையிலிருந்த சாவி பூட்டுக்குள் நுழைந்து பாதியில் நின்றது.

உள்ளே ஒரு பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பு சட்டென்று அடங்கியது.

"உஷ்..." என்றது அவருடைய குரல், கதவுக்கு அந்தப் பக்கம், மிக அருகில். "வந்துட்டாங்க."