நாலாவது தூண்

உத்தரம் தொய்யவில்லை. அதுதான் ஆன்சலாவுக்குப் பிடிக்கவில்லை.

நாலாவது இரும்புத் தூணின் அடியைக் கறள் தின்றுவிட்டிருந்தது. தரைக்கும் இரும்புக்கும் இடையில் ஒரு சாண் வெறும் காற்று. ஒரு தூண் போனால் அதன் பாரம் மற்றத் தூண்களுக்குப் போகவேண்டும். அந்தப் பாரத்தைக் கடத்தும் குறுக்கு இரும்புகளையெல்லாம் இந்த நெற்களஞ்சியத்திலிருந்து ஷெல்லடிக்கு ஒளியும் பங்கருக்கென்று கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பௌதிகம் படித்தவளுக்குக் கணக்கு எளிது. நாலாவது போனதுமே ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு முழுக் கூரையும் விழுந்திருக்க வேண்டும்.

கீழே பாய்களில், கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்த குடும்பங்கள். கட்டடத்தைச் சோதித்து, அவர்கள் இங்கே இருக்கலாமா என்று நிவாரண அலுவலகத்துக்கு அவள்தான் சொல்லவேண்டும். ஜெயபுரத்தில் அவர்களுக்கு வேறு கூரை இல்லை.

வெளியே மழை இரைந்தது. உள்ளே புளித்த நெல்லும் வௌவால் எச்சமும் காயாத சீலைகளும் ஒன்றாக மணத்துத் தொண்டையில் ஒட்ட, அவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு மணம், கட்டவிழ்த்த பழைய புண்ணின் இனிப்பு மணம், தூணின் பக்கமிருந்து வந்துகொண்டேயிருந்தது.

அங்கே வீரம்மா முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கொஞ்சம் தள்ளி இருங்கோ. தூணைப் பார்க்கவேணும்."

"அது எங்க மிஸ் ஓடப்போவுது? நான்தான் புடிச்சிருக்கேனே."

பக்கத்துப் பாயில் ராஜினி சிரித்தாள். "சோத்துக்கும் எந்திரிக்க மாட்டா மிஸ். முன்னாடி அவ புருசன் மாயாண்டிதான் சாஞ்சிருந்தாரு. செத்தவரைத் தூக்கப் போனவ, அப்புடியே உக்காந்துட்டா."

ஆன்சலா குனிந்து டோர்ச்சை அடித்தாள். ரவிக்கையின் பின்புறம் பழுப்பாக நனைந்திருந்தது. கறள் தண்ணீர் என்று நினைத்தாள். அதில் சீழும் ஓடியது. ரவிக்கைக்கு மேலே, கழுத்தடித் தோல் இரும்பின்மேல் ஏறியிருந்தது. ஆறிய கஞ்சியின் ஆடைபோல, மெல்லியதாய், சுருக்கங்களோடு. அதற்குள் ஏதோ துடித்தது.

வாய்க்குள் வந்ததை விழுங்கினாள். இத்தனை பேர் முன்னால் சத்தியெடுக்கக் கூச்சமாக இருந்தது.

"புண் அழுகுது அக்கா. ஆஸ்பத்திரிக்குப் போவம். எழும்புங்கோ."

"வேணாம் மிஸ். புள்ளைங்க தூங்குதுங்க."

ஆன்சலா அவளின் இரண்டு கைகளையும் பிடித்து இழுத்தாள்.

ஈரப் பாய் உரிவதுபோல ஒரு சத்தம். வீரம்மா முகங்குப்புற விழுந்தாள்.

முதுகு தூணிலேயே இருந்தது.

மேலே ஒரு போல்ட் தெறித்தது. உத்தரம் முனகியது. தொய்ந்தது. ஐந்தாவது தூண் சாய்ந்தது. ஆறாவது. அதன் கீழே பிள்ளைகள்.

ஆன்சலா நாலாவது தூணைத் தாங்கக் கையை நீட்டினாள்.

உள்ளங்கை படிந்தது. இரும்பு சூடாக இருந்தது. ஈரமாகவும்.

முனகல் நின்றது. சாய்ந்த தூண்களும் உத்தரமும் நிமிர்ந்தன.

வீரம்மாவிடம் மூச்சில்லை. ஆன்சலா கையை எடுக்கப் பார்த்தாள். தோல் நீண்டது. மேலே கிரீச்சென்றது. அசையாமல் நின்றாள்.

"எல்லாரையும் எழுப்புங்கோ. வெளியில போங்கோ."

ராஜினி உத்தரத்தை அண்ணாந்து பார்த்தாள். அது நேராக இருந்தது. மழையைப் பார்த்தாள். தன் பிள்ளைக்குப் போர்வையை இழுத்துவிட்டாள்.

பிறகு ஒரு பாயைக் கொண்டுவந்து தூணடியில் விரித்தாள்.

"உக்காருங்க மிஸ். நின்னுக்கிட்டே இருந்தா கால் கடுக்கும்."

தூணில், ஆன்சலாவின் முகத்துக்கு நேரே, வீரம்மாவின் முதுகு மெல்ல ஏறி இறங்கியது. மூச்சு விட்டது. அதன் ஓரம் ஆன்சலாவின் விரல்களுக்குமேல் படர்ந்து மணிக்கட்டைத் தொட்டது.

ஓர் ஈ வந்து இரண்டு தோலுக்கும் நடுவில் உட்கார்ந்தது.