ஜெரிசனுக்குக் குளிருது

சித்திரை மாதத்து மத்தியானம். குருநகரில் கத்தரீனாவின் வீட்டுக்கு முன்னால் ஸ்கூட்டியை நிறுத்திய உதயகலா, இறங்க மனமில்லாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். வெயிலில் அந்தக் குறுகிய ஒழுங்கை கொதித்தது. காயப்போட்ட வலைகளின் உப்பு வாடை மூக்கில் ஏறியது.

யாழ்ப்பாணத்து நாளிதழ் ஒன்றில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் அவளுடைய பொறுப்பு. பதினொரு வருடமாக எங்கெங்கோ நடக்கிற போர்களை வாசித்துத் தமிழில் எழுதுகிறவள். அன்று காலை, உக்ரைன் போர்முனையில் செத்த வெளிநாட்டுக்காரரின் பட்டியல் ஒன்று வந்திருந்தது. நேபாளம், கியூபா, கானா என்று ஓடிய பெயர்களுக்கு நடுவே ஜெரிசனின் பெயர். பிறந்த திகதியும் சரியாக இருந்தது.

கத்தரீனாவின் ஒரே மகன் அவன். ரஷ்யாவில் சமையல் வேலை என்று சொல்லி ஏஜென்சிக்காரன் ஒருவன் அனுப்பிய பிள்ளையை, சீருடை மாட்டிப் பதுங்குகுழிக்குள் இறக்கிவிட்டார்கள். ஏழு மாதமாக அவனிடமிருந்து ஒரு சொல் இல்லை என்று தாய் பத்திரிகைக்கு வந்து விவரம் கொடுத்திருந்தாள். அச்சில் வருமுன் தாய்க்குத் தானே சொல்லவேண்டும் என்றுதான் உதயகலா வந்திருந்தாள்.

கதவைத் திறந்த கத்தரீனா, அந்த வெயிலில் கம்பளிச் சட்டை போட்டிருந்தாள். உள்ளே கால் வைத்ததும் உதயகலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. மின்விசிறி ஓடவில்லை. ஜன்னல்களெல்லாம் துணி வைத்து அடைக்கப்பட்டிருந்தன. ஆனாலும் வாயைத் திறந்தபோது அவளுடைய மூச்சு வெள்ளையாகப் புகைந்தது. ஈரமண்ணும் வெடிமருந்தும் கலந்த மணம். சின்ன வயதில் பங்கருக்குள் ஒடுங்கியிருந்து அவள் முகர்ந்த மணம்.

"அம்மா, ஜெரிசனைப் பற்றி..."

கத்தரீனா அவளுடைய வாயைப் பொத்தினாள்.

"மெதுவாக் கதையுங்கோ பிள்ளை," என்று காதுக்குள் சொன்னாள். "தான் செத்தது அவனுக்கு இன்னும் தெரியாது."

உள்ளறையில் ஏதோ கிடுகிடுத்தது.

பற்கள்.

குளிர் தாங்காத ஒருவனுடைய பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம்.

அவன் வந்து மூன்று நாளாம். இருக்கிற துணியெல்லாம் போர்த்திவிட்டும் நடுக்கம் நிற்கவில்லையாம். சண்டை முடிந்துவிட்டதா என்று மட்டும் கேட்டபடி கிடக்கிறானாம். தாய் சொல்லி அவன் நம்பவில்லை, பேப்பர்க்காரர் சொன்னால் நம்புவான் என்று கத்தரீனா கைகூப்பினாள்.

உதயகலா ஒருநாளும் பொய்ச் செய்தி எழுதியவள் அல்ல. திரைச்சீலைக்கு முன்னால் போய் நின்றாள்.

"சண்டை முடிஞ்சுது தம்பி. இனி எல்லாரும் வீட்டை போகலாமாம்."

சத்தம் நின்றது.

கத்தரீனா திரையை விலக்கினாள். கட்டிலில் ஒருவரும் இல்லை. போர்வைக் குவியலில் ஓர் ஆள் கிடந்த பள்ளம் மட்டும் மெல்ல மெல்ல நிமிர்ந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் உட்கார்ந்து, அப்போதுதான் அவள் வாய்விட்டு அழுதாள். பின்னேரம் வரை உதயகலா அவளைத் தோளில் சாய்த்து வைத்திருந்தாள். வீடு பழையபடி வெக்கையில் வெந்தது. இனிப் பேப்பரில் போடலாம் என்று கத்தரீனாவே சொன்னாள். விடிந்ததும் படத்தோடு செய்தி வந்தது.

அன்று மத்தியானம் உதயகலாவின் கைபேசி அடித்தது. கத்தரீனாதான். குரல் நன்றாகத் தணிந்திருந்தது.

"பிள்ளை, நீங்கள் சொன்னதை அவன் போய் மற்றவங்களுக்கும் சொல்லியிருக்கிறான் போல. வீட்டு வாசல் முத்தமெல்லாம் பொடியள். ஒருத்தன்ரை பாசையும் எனக்கு விளங்கேல்லை."

உதயகலா கைபேசியைக் காதோடு அழுத்தினாள். அந்தத் தாயின் மூச்சுக்குப் பின்னால், எண்ண முடியாத பற்கள் கிடுகிடுத்துக்கொண்டிருந்தன.

"என்ரை பிள்ளையை மட்டும் காணேல்லை," என்றாள் கத்தரீனா. பிறகு கேட்டாள்:

"எல்லாம் நடுங்குதுகள். ஆர் பெத்ததுகளோ. உள்ளுக்குக் கூப்பிடட்டே?"