கண்ணில் தெரிந்த காய்ச்சல்

மழை சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. மருத்துவமனை வாசலில் நின்று குடையை உதறிக்கொண்டிருந்தவன் மீது அவள் போய் மோதியது முழுக்க முழுக்க அவள் தப்புதான். ஆனால் அதை ஒப்புக்கொள்கிற ரகமா அவள்? நர்சிங் கல்லூரியில் அவளுக்கு ‘மிளகாய்’ என்று சும்மாவா பட்டப்பெயர் வைத்திருந்தார்கள்?

“குடையை உதற இதுதான் இடமா? நடுவழியில?”

அவன் குடையை மடக்கிவிட்டு அவளைப் பார்த்தான்.

நெற்றியில் ஈர முடி. அதற்குக் கீழே அவசரமே தெரியாத இரண்டு கண்கள்... அவை நேராக அவள் கண்களுக்குள் பார்த்தன. தேவைக்கு மேலேயே பார்த்தன. அவள் நெஞ்சுக்குள் ஏதோ படபடத்தது. படபடப்பு பிடிக்காததால் கோபம் வந்தது.

“என்ன அப்படிப் பாக்கறீங்க?”

“உங்க கண்ணு... செவந்திருக்கு.”

“மழையில நனைஞ்சா செவக்கத்தான் செய்யும்.”

“பளபளன்னும் இருக்கு.”

“ஓகோ... அடுத்து என்ன, கவிதையா?”

“இல்லைங்க. காய்ச்சலான்னு கேக்க வந்தேன்.”

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. விடிந்ததிலிருந்தே உடம்பு அனலாகக் கொதித்ததும், அக்காவின் கண்ணில் படாமல் மாத்திரை போட்டுக்கொண்டு வந்ததும் இவனுக்கு எப்படித் தெரியும்?

“உங்க வேலையைப் பாருங்க” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். முதுகில் அவன் பார்வை ஊர்வது போலவே இருந்தது.

ஓடும்போதுதான் ஆள் யாரென்று உறைத்தது. ‘ரிட்டன் டிக்கெட்’! படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஒரு வருடம் காணாமல் போய், இந்தப் பருவத்தில் அவர்கள் வகுப்பில் வந்து ஒட்டிக்கொண்டவன். ஏன் போனான் என்று யாருக்கும் தெரியாது. பரீட்சையில் காப்பியடித்து மாட்டியவன் என்றது ஒரு கூட்டம். வார்டில் மருந்து திருடியவன் என்றது இன்னொரு கூட்டம். அவன் எதையும் மறுத்ததில்லை. மறுக்காத மனிதனை எப்படி நம்புவது?

அவளுக்கு அன்றைக்குக் குழந்தைகள் வார்டில் டியூட்டி. ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள். உடம்பில் எதிர்ப்புச் சக்தியே இல்லாத சின்னஞ்சிறுசுகள். காய்ச்சலோடு அங்கே காலடி வைக்கக் கூடாது என்பது கல்லூரியின் கண்டிப்பான விதி. ஆசிரியையிடம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விட வேண்டும். விட்ட டியூட்டியை விடுமுறையில் செய்து ஈடுகட்டலாம்... ஆனால் ஒரு வார்டுக்கு ஒரு முறைதான். அந்த ஒரு முறையை அவள் கால் சுளுக்குக்குக் கொடுத்துத் தீர்த்துவிட்டாள். இன்னொரு நாள் விட்டால் அந்த வார்டுப் பயிற்சியே செல்லாது. அடுத்த வகுப்போடு சேர்ந்து மறுபடியும் முதலிலிருந்து!

‘முகக்கவசம் போட்டிருக்கேன்ல... ஒண்ணும் ஆகாது’ என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

ஜன்னல் ஓரக் கட்டிலில் இருந்த சிறுமி அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தன் பொம்மைக்கும் ரத்த அழுத்தம் பார்க்கச் சொன்னாள். அவளும் சிரித்துக்கொண்டே பொம்மையின் கையில் பட்டையைச் சுற்றினாள். சுற்றி முடிக்கும் முன்பே வார்டு வாசலில் ஆசிரியையின் குரல்.

“கொஞ்சம் வெளிய வாம்மா.”

வெளியே தெர்மாமீட்டர் காத்திருந்தது.

---

யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார்?

“இதுல என்னடி சந்தேகம்?” என்றாள் ‘கண்ணாடி’ என்று பட்டப்பெயர் வாங்கிய வகுப்புத் தோழி. மூக்குக்கண்ணாடி இல்லாமல் எதிரே வரும் ஆளைத் தெரியாது. ஆனால் வதந்தி மட்டும் எத்தனை தூரத்திலிருந்தாலும் தெரியும். “அன்னிக்குக் காலையில துறைத் தலைவி ரூம் வாசல்ல ரிட்டன் டிக்கெட் நின்னதை நானே பாத்தேன். நல்ல பேர் வாங்கணும்ல... உன்னைப் பலி குடுத்துட்டான்.”

அதற்குப் பிறகு அவன் என்ன செய்தாலும் அவளுக்குக் குற்றமாகவே பட்டது. வகுப்பில் கடைசி வரிசையில் உட்கார்ந்தால், எல்லோரையும் வேவு பார்க்கத்தான். நோயாளிகள் “பிரதர்... பிரதர்” என்று வாய் நிறையக் கூப்பிட்டு அவனிடம் அன்பாகப் பேசினால், நடிப்புதான்! “உடம்பு இப்ப எப்படி இருக்கு?” என்று அவளிடம் கேட்டானே... அது நெஞ்சழுத்தம் இல்லாமல் வேறென்ன?

இத்தனைக்கும் நடுவே, அவன் உள்ளே வந்தால் அவள் கண் தானாகவே அந்தப் பக்கம் திரும்பியது. ‘வேவு பாக்கறவனை நாம வேவு பாக்க வேண்டாமா?’ என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டாள். மனம் நம்பவில்லை.

செய்முறை வகுப்பில், பயிற்சிப் பொம்மையின் மார்பை அழுத்தி உயிர்காக்கப் பழகிக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள். வகுப்பே பார்த்துக்கொண்டிருந்தது.

“பொம்மையைக் காப்பாத்தறீங்க. கூடப் படிக்கிறவளைக் காட்டிக்குடுக்கறீங்க. நல்லா இருக்கு!”

அவன் கைகள் நின்றன. “நான் சொல்லலைன்னு சொன்னா நம்புவீங்களா?”

“மாட்டேன்.”

“அப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?”

மறுபடியும் பொம்மை மீது குனிந்துகொண்டான். சிரிப்புச் சத்தம் எழுந்தது. அவன் காது மடல்கள் சிவப்பதைப் பார்த்தபோது அவளுக்கு ஜெயித்த மாதிரியே இல்லை...

ஒழுங்குக் குழு அவளைக் கூப்பிட்டிருந்தது. தன் தரப்பைச் சொல்ல ஒரே வாய்ப்பு. தலைவலிக்குத்தான் மாத்திரை போட்டேன், காய்ச்சல் இருந்ததே தெரியாது என்று சொல்லிவிடலாம். சொன்னவன் யோக்கியதையும் சந்தி சிரித்தால் இன்னும் நல்லது. குழு கூடுவதற்கு முந்தைய நாள் மதியம், பின்வாசல் வழியாக நழுவிய அவனைப் பின்தொடர்ந்தாள்.

அவன் போன இடம் நெஞ்சு நோய்ப் பிரிவு. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு நோயாளிகள் பெஞ்சில் உட்கார்ந்தான்.

‘மாட்டினியா!’

“அப்ப நீங்களும் நோயை மறைச்சுக்கிட்டுத்தான் வார்டுக்கு வர்றீங்க!” என்று எதிரே குதித்தாள்.

அவன் திடுக்கிட்டான். பிறகு, களைத்துப் போனவன் போல மெல்லச் சிரித்தான்.

“மறைக்கலைங்க. டி.பி. போன வருஷம் வார்டுலேர்ந்து தொத்திக்கிச்சு. சுத்தமா குணமாகி, டாக்டர் சரின்னு சொன்னப்புறம்தான் திரும்பச் சேத்துக்கிட்டாங்க. அப்பப்ப வந்து காட்டிட்டுப் போகணும். துறையில எல்லாருக்கும் தெரியும்.”

“வகுப்புல... என்னென்னமோ சொல்றாங்களே. வாயைத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?”

“திருடன்னா முதுகுக்குப் பின்னால பேசுவாங்க. டி.பி.ன்னா பக்கத்துலயே உக்கார மாட்டாங்க. எது தேவலைன்னு யோசிச்சேன்.”

அவள் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். சந்தேகம் மட்டும் இன்னும் அடங்கவில்லை. “அன்னிக்கு... துறைத் தலைவி ரூமுக்கு ஏன் போனீங்க?”

“சொல்லத்தான் போனேன்” என்றான், கண்ணை விலக்காமல். “பொய் சொல்ல மாட்டேன். உங்க கண்ணைப் பாத்ததுமே தெரிஞ்சிருச்சு. அந்தக் குழந்தைங்களை நெனச்சா காலு நிக்கலை. ஆனா எனக்கு முன்னாடியே உள்ள ஒருத்தங்க அழுதுக்கிட்டே சொல்லிட்டிருந்தாங்க. நான் அப்படியே திரும்பிட்டேன்.”

“யாரு?”

“அதை நான் சொல்லக் கூடாது.”

அழுதுகொண்டே... இந்த ஊரில் அவளுக்காக அழுகிற ஆள் ஒரே ஒருத்திதான்.

---

அக்காவும் அதே மருத்துவமனையில் நர்ஸ். அப்பா அம்மா வெளியூரில் இருக்க, தங்கையைத் தன் வீட்டில் வைத்துப் படிக்கவைக்கிறவள். அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நீதான் சொன்னியா?”

அக்காவின் கை நின்றது. “ஆமா. குப்பைக் கூடையில மாத்திரை அட்டையைப் பாத்தேன்.”

“சொந்தத் தங்கச்சின்னுகூடப் பாக்காம...”

“தங்கச்சின்னு பாத்ததாலதான்டி! வேற யாராவதா இருந்தா போன்ல சொல்லியிருப்பேன். நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்திருக்க மாட்டேன்.” அக்காவின் குரல் உடைந்தது. “பொம்மை வச்சிருக்குமே ஒரு குழந்தை... ரெண்டு நாள் கழிச்சு அதுக்குக் காய்ச்சல். ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோனாங்க. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழுங்கிக்கிட்டு இருந்தேன்.”

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“இப்ப...?”

“பொழைச்சிருச்சு. நேத்து வார்டுக்கே திரும்பிருச்சு. உன்னாலயா, வேற எதுனாலயா... அது யாராலயும் சொல்ல முடியாது.”

அக்கா மடித்த துணிகளை ஒதுக்கிவிட்டு அவள் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் ஒழுங்குக் குழு முன்னால் மிளகாயிடம் காரம் இல்லை.

“எனக்குக் காய்ச்சல்னு தெரியும். தெரிஞ்சேதான் போனேன். வருஷம் போயிடுமேன்னு பயம். அந்தக் குழந்தைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்னு எனக்குத் தெரியலை, மேடம். நீங்க என்ன முடிவு பண்ணினாலும் சரி.”

அவளைப் படிப்பிலிருந்து நீக்கவில்லை. ஆனால் அந்த வார்டுப் பயிற்சியை அடுத்த வகுப்போடு முழுதாகத் திரும்பச் செய்ய வேண்டும். தோழிகள் பட்டம் வாங்கும் நாளில் அவள் கைதட்டிக்கொண்டு கீழே உட்கார்ந்திருப்பாள்.

வெளியே வந்தாள். தாழ்வாரத்துக்கு அப்பால் மழை தூறிக்கொண்டிருந்தது. தூணருகே அவன்.

“வகுப்பு முன்னால உங்களைத் திட்டினேன்” என்றாள், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே. “அதே வகுப்பு முன்னால மன்னிப்புக் கேக்கறேன். நாளைக்கே.”

“வேணாம்.”

“ஏன்... என்னை மன்னிக்க மாட்டீங்களா?”

“அந்தக் கூட்டத்துக்கு முன்னால நீங்க தலை குனியறது எனக்குப் பிடிக்காது.” கொஞ்சம் தயங்கினான். “உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு.”

மழைச் சத்தம் திடீரென்று நின்றுபோன மாதிரி இருந்தது... நிற்கவில்லை. அவள் காதுக்குத்தான் வேறு எதுவும் கேட்கவில்லை. சட்டென்று பழைய குணம் தலைதூக்கியது.

“பரிதாபப்பட்டுச் சொல்றீங்களா?”

“உங்க வாய்க்கு யாராவது பரிதாபப்படுவாங்களா?”

“அப்ப ஏன்? இவ்வளவு நடந்தப்புறம் ஏன்?”

“உள்ள நீங்க பேசினதைக் கேட்டேன். தப்பிக்க ஒரு வார்த்தைகூடத் தேடலை நீங்க.”

“ஒரு நிமிஷம்... கதவு சாத்தியிருந்துச்சே!” அவள் கண்கள் இடுங்கின. “ஒட்டுக்கேட்டீங்களா?”

அவன் காது மடல்கள் சிவந்தன. “ஆமா. இந்தத் தடவை உங்க சந்தேகம் சரிதான்.”

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது, கூடவே கண்ணீரும். துடைக்கக்கூடத் தோன்றாமல் அவனை நிமிர்ந்து பார்த்தாள். முதல் முறையாக, எதையும் துருவாமல்... சும்மா.

“எனக்கும்தான்...” என்றாள்.

“என்ன, எனக்கும்தான்?”

“பிடிச்சிருக்கு. போதுமா? இதையும் யார்கிட்டயாவது போய்ச் சொல்லிட்டு வாங்க!”